டிவி ரெக்கார்டிங்குக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கப் போறீங்களா? வேகத்துக்குக் காசைக் கொட்டாதீங்க!

ஜனவரி பிறந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தில் வாடிவாசல் திறந்துவிடும். தமிழகத்தில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வக்கோட்டை பக்கம் தச்சங்குறிச்சியில்தான் நடக்கும். அதற்குப் பிறகு வடமலாப்பூர், விராலிமலை என்று வரிசை கட்டி நிற்கும். நடுவில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேரோட்டம் வேறு. லோக்கல் கேபிள் சேனல்களில் இதெல்லாம் லைவாக ஓடும்.

வீட்டு மாடு யார் கையிலும் சிக்காமல் ஓடி மறைய மொத்தம் பத்து செகண்ட் ஆகுமா? அந்தப் பத்து செகண்டைத்தான் வருஷம் முழுக்க வர்றவங்க, போறவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவோம். "யூடியூப்ல இருக்குமே" என்பீர்கள். இருக்கும், சேனல்காரர் அதை அழிக்காத வரைக்கும்!

செட்டாப் பாக்ஸில் பென்டிரைவ் சொருகி ரெக்கார்ட் செய்யலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். பெரும்பாலான பாக்ஸ்களில் பதிவாகும் ஃபைல் அந்த ஒரு பாக்ஸில் மட்டும்தான் ஓடும். பாக்ஸ் போனால் பதிவும் போச்சு. அதனால்தான் சிலர் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை ரெக்கார்டிங் மெஷினாக மாற்றுகிறார்கள். டிடி ஃப்ரீ டிஷ் சிக்னலுக்கு ஒரு டியூனர் கார்டு, கேபிள் பாக்ஸின் ஏவி அவுட்டுக்கு (அந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்தான்) ஒரு யூஎஸ்பி கேப்சர் டிவைஸ், டிவிஹெட்எண்ட் அல்லது நெக்ஸ்ட்பிவிஆர் மாதிரி ஓர் இலவச சாஃப்ட்வேர். சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வது வேறு, அதைத் திரும்ப அப்லோடு செய்வது வேறு என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

இதுவரை ஈஸி. குழப்பம் ஹார்ட் டிஸ்க் வாங்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. "வீடியோன்னா ஃபாஸ்ட்டா இருக்கணும் சார், 7200 ஆர்பிஎம் எடுங்க" என்று கடையில் சொல்வார்கள். என் கருத்து நேரெதிர். இந்த வேலைக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் காசை இரண்டாவது டிஸ்க்குக்கும் யூபிஎஸ்ஸுக்கும் வையுங்கள்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண எஸ்டி சேனல் ஒன்று சுமார் 3 எம்பிபிஎஸ் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி. ஹெச்டி 8 எம்பிபிஎஸ் என்றால் 3.6 ஜிபி. நான்கு ஹெச்டி சேனலை ஒரே நேரத்தில் பதிவு செய்தாலும் டிஸ்க்கில் எழுத வேண்டியது நொடிக்கு 4 எம்பிதான். இன்றைக்கு விற்கும் சாதாரண 5400 ஆர்பிஎம் டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பிக்கு மேல் எழுதும். லாரி வாங்கி அதில் ஒரு மூட்டை அரிசி ஏற்றுவது எதற்கு?

அப்படியென்றால் சிலருக்கு ரெக்கார்டிங் நடுவில் விட்டுவிட்டு வருவது ஏன்? முதல் காரணம், விண்டோஸும் ரெக்கார்டிங்கும் ஒரே டிஸ்க்கில் இருப்பது. ஹார்ட் டிஸ்க்கின் தலை ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். மாடு வெளியே வரும் நேரம் பார்த்து விண்டோஸ் அப்டேட் ஓடினால், தலை அங்கேயும் இங்கேயும் அலைந்துகொண்டிருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, ரெக்கார்டிங்குக்குத் தனி ஹார்ட் டிஸ்க். 250 ஜிபி எஸ்எஸ்டி தாராளம்.

இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாது: எஸ்எம்ஆர். நம்ம ஊர் ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டின் விளிம்பின்மேல் அடுத்த ஓடு ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் கிளப்ப வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தகவல் தடங்கள் இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். குறைந்த இடத்தில் நிறைய சேமிக்கலாம். ஆனால் ரெக்கார்டிங் மெஷின் செய்வதெல்லாம் எழுதுவது, அழிப்பது, திரும்ப எழுதுவது. டிஸ்க் நிறைய நிறைய அது திணற ஆரம்பிக்கும். சிஎம்ஆர் வகையில் தடங்கள் தனித்தனியாக இருப்பதால் இந்தப் பிரச்னை இல்லை.

டப்பா மேல் இதை எழுதியிருக்க மாட்டார்கள் என்பதுதான் கடுப்பு. 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், தன் 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று ஒப்புக்கொண்டது, அதுவும் வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துச் சத்தம் போட்ட பிறகு. சீகேட் 'பாரகுடா' 3.5 இன்ச் 4 டிபி, 8 டிபி மாடல்களிலும் எஸ்எம்ஆர் உண்டு. எனவே மாடல் நம்பரை வைத்து கம்பெனி தளத்தில் டேட்டாஷீட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சிசிடிவிக்கான 'பர்ப்பிள்', 'ஸ்கைஹாக்' டிஸ்க்குகளை வாங்கலாமா? வாங்கலாம். 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்கத்தான் அவை வடிவமைக்கப்பட்டவை, பெரும்பாலும் சிஎம்ஆர், சூடும் சத்தமும் குறைவு. எங்காவது படிக்க முடியாத இடம் வந்தால் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகும் வசதி இருக்கிறது என்று விளம்பரத்தில் சொல்வார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். ரெக்கார்டர் அந்தத் தனிக் கட்டளையைக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும், சாதாரண கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் அதைக் கொடுப்பதில்லை.

புதுசு என்று சொல்லிப் பழசைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஏற்கெனவே பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் மீட்டரைத் திருப்பிவைத்து 'நியூ' என்று விற்கப்பட்டது வெளிவந்தது. வாங்கியதும் சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரன்டி தேதியைப் பாருங்கள், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்றும் பாருங்கள்.

சரி, இரண்டு டிஸ்க் வாங்கியாச்சு. உடனே 'ரெய்டு' போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ரெய்டு 1-இல் ஒரு டிஸ்க்கில் நீங்கள் தவறுதலாக அழித்தால் அந்த நொடியே இன்னொன்றிலும் அழிந்துவிடும். ரெய்டு 0 இன்னும் மோசம், ஒன்று போனால் இரண்டிலும் இருப்பது போச்சு. இங்கே தேவை ஒரு பிரிவினை. ஒரு டிஸ்க் பதிவுக்கு மட்டும். அது போனாலும் நேற்றைய சீரியல்தான் போகும். வைத்துக்கொள்ள வேண்டியதை அன்றைக்கே இரண்டாவது டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஒரு மணி நேரப் பதிவை நகலெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

செட்டிங்ஸில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் என்றால் எக்ஸ்டி4. ஃபேட்32 வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எழுத முடியாது. பவர் ஆப்ஷனில் ஹார்ட் டிஸ்க் தூங்கப் போகும் நேரத்தை எடுத்துவிடுங்கள். ஏவி கேப்சரை எம்பி4-ஆகப் பதிவு செய்யாதீர்கள். சாதாரண எம்பி4-இல் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், நடுவில் கரன்ட் போனால் முழு ஃபைலும் ஓடாது. டிஎஸ் அல்லது எம்கேவி என்றால் கரன்ட் போன நொடி வரைக்கும் இருப்பது மிஞ்சும்.

கரன்ட்! 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நம் மாவட்டத்துக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதை எந்த யூபிஎஸ்ஸும் தாங்காது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கைத் தினம் தினம் படுத்துவது போய்ப்போய் வரும் கரன்ட்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதில் 'யூபிஎஸ்' மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். சித்திரை வெயிலில் டிஸ்க் சூட்டையும் அவ்வப்போது பாருங்கள், 50 டிகிரியைத் தொட்டால் கேபினெட்டில் ஒரு ஃபேன் சேர்க்கும் நேரம்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்று கேட்கலாம். புதுக்கோட்டையில் கேட்கக் கூடாத கேள்வி அது. இங்கேதான் கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி சொந்தப் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களைச் சேர்த்து 'ஞானாலயா'வை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி, 2012-இல் இறக்கும் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிவி செய்திகளை வீட்டிலேயே பதிவு செய்தார். மிஞ்சியவை சுமார் 70,000 டேப்புகள். பல சேனல்களிடமே இல்லாத காட்சிகள் அதில் இருக்கின்றன.

அவ்வளவு வேண்டாம். ஒரு வெளி யூஎஸ்பி டிஸ்க் மட்டும் கூடுதலாக வாங்குங்கள். வருஷத்து ஜல்லிக்கட்டு, தேரோட்டம், குடும்ப வீடியோ எல்லாவற்றின் மூன்றாவது நகலும் அதில். எப்போதாவது எழுதுவதுதானே, அது எஸ்எம்ஆராக இருந்தாலும் பரவாயில்லை. அதைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்திருந்தால் இடி விழும்போது மூன்றும் சேர்ந்தே போகும். மேலே தேதி எழுதி, திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். அடுத்த பொங்கலுக்கு அவங்க வரும்போது எடுத்துட்டு வரச் சொன்னா போதும், புதுசு ஏத்திக் கொடுத்துவிடலாம்.