செத்துப் போவது பாட்டரி. பழி உழைப்பாளி தலையிலா?

"தோழர், காலையிலே நூறு காட்டுது, பத்து மணிக்கெல்லாம் செத்துப் போகுது!"

காரைக்குடியில் நம் சங்க அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உள்ளே நுழைந்ததும் தேடுவது சுவரில் இருக்கும் பிளக்கைத்தான். மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவரும் தேடுகிறார். நடவு முடித்து, மனு எழுத வரும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணும் தேடுகிறார். "ராத்திரி பூரா சார்ஜ் போட்டால் கெட்டுப் போகுமா? சுத்தமாக இறங்கின பிறகுதான் போட வேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

இது சில்லறை விஷயமா, தோழர்களே? கூலி பாங்கியில் விழுந்ததா என்று போன்தான் சொல்கிறது. 2023 ஜனவரி 1 முதல், நூறு நாள் வேலைத் தளங்களில் தினம் இரண்டு தடவை போனில் படம் பிடித்து ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. பணித்தளப் பொறுப்பாளரின் போன் நடுவேலையில் அணைந்தால், வெயிலில் மண் வெட்டியவர்களின் ஒரு நாள் கூலி அந்தரத்தில் தொங்கியது. அதனால், பாட்டரி எப்படிச் சாகிறது என்று உழைப்பாளி தெரிந்து கொள்வது அவசியம்.

போனுக்குள் இருப்பது லிதியம் பாட்டரி. தறியில் நாடா இப்படியும் அப்படியும் ஓடுவது போல, சார்ஜ் ஏறும்போது லிதியம் ஒரு பக்கம் போகிறது. நாம் போனை உபயோகிக்கும்போது மறுபக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் துளித்துளியாக லிதியம் வீணாகிப் படிந்து விடுகிறது. இந்தத் தேய்மானத்தை யாராலும் அடியோடு நிறுத்த முடியாது. ஆனால் வேகத்தைக் குறைக்க முடியும்.

முதல் எதிரி சூடு. தலையணைக்கு அடியிலோ, வெயில் விழும் ஜன்னலிலோ, அடுப்பங்கரையிலோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போதே படம் பார்ப்பதும் சூட்டைக் கூட்டும்.

இரண்டாவது, நூறிலேயே நிறுத்தி வைப்பது. நிறைந்ததும் மின்சாரம் உள்ளே போவதைப் போனே தடுத்து விடும். நிரம்பி வழிந்து விடாது. ஆனால் நூறிலேயே மணிக்கணக்காக வைப்பது, பாரம் ஏற்றிய வண்டியில் மாட்டைப் பூட்டியபடியே இரவெல்லாம் நிறுத்துவது போன்றது. 80-ல் நிறுத்திக் கொள்ளும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. நீண்ட ஷிப்டுக்குப் போகிற அன்று நூறு வரை ஏற்றுங்கள், தப்பில்லை.

மூன்றாவது, சுத்தமாக இறக்குவது. "முழுக்கத் தீர்த்து விட்டுத்தான் ஏற்ற வேண்டும்" என்பது பழைய நிக்கல்-காட்மியம் பாட்டரி காலத்துப் பேச்சு. லிதியத்துக்கு அது கெடுதல். 20-க்கு வந்ததும் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போட்டாலும் பாதகமில்லை. பாட்டரி உப்பி, போனின் முதுகு தூக்கினால் உடனே நிறுத்துங்கள். குத்தவோ அமுக்கவோ வேண்டாம். தீப்பிடிக்கும்.

சரி, இவ்வளவும் செய்தால் தீர்ந்ததா? 35 டிகிரிக்கு மேல் சூடேறினால் பாட்டரி நிரந்தரமாகப் பலம் இழக்கக் கூடும் என்று ஆப்பிள் கம்பெனியே எச்சரிக்கிறது. சித்திரை, வைகாசியில் நம் செட்டிநாட்டுச் சீமையில் 35 டிகிரிக்குள் நிற்கும் பகல் எத்தனை? குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு இந்த யோசனை சுலபம். வரப்பில் நிற்பவர் வெயிலை எங்கே ஒளித்து வைப்பார்?

பாட்டரி தேய்வது இயற்கை. ஆனால் தேய்ந்த பாட்டரியை மாற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டி மூடுவதும் இயற்கையா? முன்பு நோக்கியா போனின் மூடியை நகத்தால் நெம்பி, புதுப் பாட்டரி போட்டுக் கொண்டோம். இன்று அதற்குக் கடைக்கு ஓட வேண்டும்; சில நாள் கூலியைக் கொட்ட வேண்டும். "இதற்குப் புதுப் போனே வாங்கி விடுங்கள்" என்ற உபதேசமும் கேட்க வேண்டும்! லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு?

இந்தத் தந்திரம் புதிதல்ல. 1924-ல் ஐரோப்பிய, அமெரிக்க பல்பு முதலாளிகள் ஜெனீவாவில் கூடி ஒரு கூட்டு அமைத்தார்கள். பல்பின் ஆயுளை 1000 மணி நேரமாகக் குறைத்தார்கள். அதற்கு மேல் எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதமும் போட்டார்கள். 2017 டிசம்பரில், பழைய பாட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணையாமல் இருக்கவே அப்படிச் செய்ததாகச் சமாதானம் சொன்னது. ஆனால் வாங்கியவரிடம் ஏன் சொல்லவில்லை? பிரான்ஸ் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

சட்டம் போட்டால் முதலாளி வழிக்கு வருவான். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய யூனியனில் விற்கும் புதுப் போனின் பாட்டரி, 800 தடவை முழுச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவிகிதம் பலத்தோடு இருக்க வேண்டும் என்பது விதி. உதிரி பாகங்கள் வருஷக்கணக்கில் கிடைக்கவும் வகை செய்திருக்கிறார்கள். ஐரோப்பியனுக்கு உழைக்கும் பாட்டரி காரைக்குடிக்காரனுக்கு ஏன் உழைக்கக் கூடாது?

நமக்கு விஞ்ஞானம் இல்லையா? நம் ஊரிலேயே இருக்கிறதே! 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அன்று முதல் அதை நடத்துவது ஜனங்களின் வரிப்பணம். டாக்டர் கோபுகுமார் தலைமையிலான குழு, மற்ற சர்க்கார் ஆய்வுக் கூடங்களுடன் சேர்ந்து, லிதியம் பாட்டரி செய்யும் சுதேசித் தொழில்நுட்பத்தை இங்கே உருவாக்கியது. 2018 ஜூனில் அதை ராசி சோலார் என்ற தனியார் கம்பெனிக்குத் தர ஒப்பந்தமானது. பொதுத்துறையில் பெரிய பாட்டரித் தொழிற்சாலை கட்டி, நம் ஜில்லா வாலிபர்களுக்கு வேலை கொடுக்க சர்க்காருக்கு ஏன் மனம் வரவில்லை?

ஆகவே, தோழர்களே! போனைச் சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது. கையில் இல்லாததைக் கோரிக்கையாக வையுங்கள். பாட்டரியை நாமே கழற்றி மாற்றும்படி போன் செய்யச் சட்டம் வேண்டும். நியாய விலையில் உதிரி பாகம் கிடைக்க வேண்டும். பதிவுக்கருவி அணைந்தாலும் கூலி வெட்டு கூடாது. கையெழுத்துப் பதிவேடு செல்ல வேண்டும்.

பாட்டரி தேயலாம். உழைத்தவன் கூலி தேயக் கூடாது!