பத்து நாள் கீரை

குடும்ப வாட்ஸப் குழுவில் போன மாதம் மட்டும் நாலு தடவை வந்துவிட்டது அந்த ஃபார்வர்ட். "மைக்ரோகிரீன்ஸ்! முழு இலையைவிட 40 மடங்கு சத்து! சர்க்கரை, பிரஷர் எல்லாம் பறந்துபோகும்!" நாலாவது தடவை அனுப்பியது மதுரையில் இருக்கும் என் அத்தை பையன். அவனிடம் போனில் அரை மணி நேரம் கத்தியதை இங்கேயும் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதற்கு எதிரி இல்லை. இரண்டு வருடமாக டெல்லி ஃபிளாட் பால்கனியில் நானே வளர்க்கிறேன். வளர்ப்பது காலர்ட். பெயரைக் கேட்டால் ஏதோ ஃபாரின் சரக்கு போல இருக்கும். காஷ்மீரில் ஹாக் என்று தினம் சாப்பிடும் கீரைதான் அது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கோல் எல்லாம் இதற்கு ஒரே இனத்துச் சொந்தக்காரர்கள். இது மட்டும் உருண்டை கட்டாமல் இலையாகவே நிற்கும். காஷ்மீரிகளும் நம்மைப் போல சோற்றுக் கட்சி. கடுகெண்ணெய், பெருங்காயம், காய்ந்த மிளகாய் போட்டு, ஹாக்கை நீர்க்க வேகவைத்து, சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

விதை கொடுத்தது கீழ்வீட்டு காஷ்மீரி ஆன்ட்டி. 1990-ல் ஸ்ரீநகரை விட்டு வந்த குடும்பம். நான் முருங்கைக்காய் தேடி ஐ.என்.ஏ. மார்க்கெட் போவேன், அவர் ஹாக் தேடி அங்கேயே வருவார். அப்படித்தான் பழக்கம். அவர் பால்கனியில் பழைய பெயின்ட் டப்பாக்கள் வரிசையாக இருக்கும், எல்லாவற்றிலும் ஹாக். நமக்கு அந்தப் பொறுமை ஏது? எட்டு வருடத்தில் இது மூன்றாவது ஊர். மூன்று வருடத்தில் மாற்றல் ஆர்டர் வரும், எதற்குச் செடி வைப்பானேன் என்று ஒரு துளசியோடு நிறுத்திக்கொண்ட வீடு எங்களுடையது. பத்தே நாளில் அறுவடை என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

செய்முறை ரொம்பச் சுலபம். ஏ4 தாள் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, அடியில் ஓட்டைகள். அதில் ஓர் அங்குல உயரத்துக்கு ஈரமான கோகோபீட் (நம்மூர் தேங்காய் நார்த்தூள்தான்). கடுகு போலவே இருக்கும் விதையை ஒன்றரை டீஸ்பூன், அதாவது 6 கிராம் அளவுக்கு, சீராகத் தூவ வேண்டும். ஊறவைக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து, இன்னொரு தட்டால் மூடி, மேலே ஒரு புத்தகத்தை வைத்துவிடலாம் (பழைய வங்கித் தேர்வு கைடு ஒருவழியாகப் பயன்பட்டது). மூன்று நாள் கழித்துத் திறந்து வெளிச்சத்தில் வைத்தால், மஞ்சளாக இருக்கும் நாற்று ஒரே நாளில் பச்சையாகிவிடும். அதன் பிறகு மேலே தண்ணீர் ஊற்றாமல், தட்டை இன்னொரு தட்டுத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். பத்தாம் நாள் கத்தரியால் நறுக்கிக் கழுவிச் சாப்பிடலாம். ஒருமுறை வெட்டினால் இது மறுபடி துளிர்க்காது.

மூன்று விஷயத்தில் நான் சூடுபட்டதால் சொல்கிறேன். ஒன்று, வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரிந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். தண்ணீர் தெளித்ததும் மறைந்தால் அது வேர்த்தூவி, மறையாமல் நூல் நூலாகப் படர்ந்தால் பூஞ்சை. இரண்டு, டெல்லி மே மாத வெயிலில் முயலாதீர்கள், அழுகிவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரைதான் இதன் காலம். மூன்றாவதுதான் முக்கியம். தோட்டக்காரர்களுக்கு விற்கும் விதைப் பொட்டலங்களில் பலவும் பூஞ்சைக்கொல்லி மருந்து ஏற்றியவை. இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் இருக்கும். உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை முளைக்கவைத்துப் பத்தாம் நாள் பச்சையாகச் சாப்பிட்டால் என்ன அர்த்தம்? மருந்து ஏற்றாத விதை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

என் முதல் அறுவடையைக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் காட்டியபோது ஆன்ட்டி சிரிக்கவில்லை. "பேட்டா, குழந்தையையே வெட்டிட்டியே! ரெண்டு மாசம் விட்டிருந்தா குடும்பமே சாப்பிட்டிருக்குமே" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன் (பி.காம். படித்த புத்தி). ஒரு கிராமில் 250 விதைக்கு மேல் இருக்கும். ஆறு கிராம் என்றால் 1,500 விதை. தட்டில் எனக்குக் கிடைத்தது 70 கிராம் கீரை. அதே விதையில் பத்தே பத்தைச் செடியாக வளர்த்தால், கீழ் இலைகளாகப் பறித்துப் பறித்து மாதக்கணக்கில் சமைக்கலாம். முதிர்வுக்கு முன்பே எஃப்.டி.யை உடைப்பது என்று எங்கள் பாஷையில் இதற்குப் பெயர்.

சரி, அந்த 40 மடங்கு? அது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. 2012-ல் அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தாரும் அந்நாட்டு வேளாண் துறையினரும் 25 வகை மைக்ரோகிரீன்ஸை ஆராய்ந்தார்கள். அதில் சிவப்பு முட்டைக்கோஸ் நாற்றில் வைட்டமின் இ மட்டும் 40 மடங்கு இருந்தது. அதே நாற்றில் வைட்டமின் சி ஆறு மடங்குதான். அந்த 25-ல் காலர்ட் இல்லவே இல்லை. நோய் பறந்துபோகும் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. ஒரு பயிரின் ஒரு வைட்டமினை எடுத்து எல்லாக் கீரைக்கும் எல்லா நோய்க்கும் ஒட்டிவிட்டார்கள் நம் ஃபார்வர்ட் மன்னர்கள்.

இதையெல்லாம் சும்மா சிரித்துவிட்டுப் போயிருப்பேன், போன வருடம் அது நடக்காமல் இருந்திருந்தால்.

பொங்கல் முடிந்து அப்பா எங்களோடு இருக்க வந்தார். இதய வால்வு மாற்று அறுவை செய்துகொண்டவர், ரத்தம் உறையாமலிருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை. அவர் அளவுக்கு ஐ.என்.ஆர். 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். நானும் மகன் கடமையாக தினம் தயிர்ப் பச்சடியில் ஒரு கை நாற்று போட்டுக் கொடுத்தேன். ஆன்ட்டி வேறு வாரம் இரண்டு முறை ஹாக் அனுப்புவார். "உங்க ஊர்க் கீரை அருமைடா" என்று அப்பாவும் ரசித்துச் சாப்பிட்டார். ஒரு மாதத்தில் ரத்தப் பரிசோதனை, 1.7 என்று வந்தது.

"புதுசா என்ன சாப்பிடறார்?" என்றார் டாக்டர். நான் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மாத்திரை வேலை செய்வதே வைட்டமின் கே-க்கு எதிராக. 100 கிராம் பச்சைக் காலர்ட் இலையில் அது 400 மைக்ரோகிராமுக்கும் மேல். ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 120 போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. நான் சத்து என்று ஊட்டியது மாத்திரையின் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வால்வில் ரத்தம் கட்டியிருந்தால்? அந்த இரவு தங்கமணியும் நானும் தூங்கவில்லை. மாத்திரை அளவைக் கூட்டி, இரண்டு வாரத்தில் சரியாயிற்று. கீரையை நிறுத்தச் சொல்லவில்லை டாக்டர். "எவ்வளவு சாப்பிட்டாலும் வாராவாரம் ஒரே அளவா சாப்பிடுங்க, திடீர்னு கூட்டாதீங்க, குறைக்காதீங்க" என்றார். அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான். மைக்ரோகிரீன்ஸ் வளர்க்கலாம், பிள்ளைகளோடு சேர்ந்து வளர்க்கலாம். என் மகள் தட்டில் கீரை தொடாதவள், தான் விதைத்ததைத் தோசைமேல் தூவிச் சாப்பிடுகிறாள். எனக்கு அந்த லாபம் போதும். ஆனால் அது கீரை. மருந்து என்று பெயர் சூட்டி ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு ஊட்டாதீர்கள். மருந்து என்று நினைத்தால் அளவு கேட்க வேண்டும், கீரை என்று நினைத்தால் ஒரு பிடியோடு நிறுத்த வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பெயின்ட் டப்பாவும் வைத்திருக்கிறேன். ஜூனில் மாற்றல் வந்தாலும் வரட்டும்.

டிஸ்கி: அடியேன் டாக்டர் இல்லை, வட்டிக் கணக்கு போடுபவன். வீட்டில் யாராவது வார்ஃபரின் சாப்பிட்டால், கீரை விஷயத்தை அடுத்த முறை அவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.