கிளிக்கும் சொடுக்கும்

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறியின் 'தடக், தடக்' ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் நம் கல்லூரியில் பலர். ஆயினும், கட்டுரையில் 'தடதட' என்றெழுத நம் கை கூசுகிறது. எழுதினால் 'பேச்சு வழக்கு' என்று சிவப்பு மை விழும் என்ற அச்சம். ஆங்கில வகுப்பிலோ 'கிளிக்', 'ஹிஸ்' போன்ற ஒலிச்சொற்கள் கவிதைக்கு அழகு என்று குறிப்பெடுக்கிறோம். இது என்ன நியாயம்?

'கிளிக்' என்னும் சொல்லையே பார்ப்போம். அதன் வேரைத் தேடி இலத்தீனுக்கோ கிரேக்கத்திற்கோ போக வேண்டியதில்லை. தாழ் விழும் சிற்றொலியைக் காது கேட்டது. நாக்கு திருப்பிச் சொன்னது. அவ்வளவே அதன் பிறப்பு. கணினி தோன்றுவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே அது ஆங்கிலத்தில் வழங்கியது. கணினிச் சுட்டியின் பொத்தானை அழுத்தியபோதும் அதே ஒலி எழவே, பழைய சொல் புதிய வேலைக்கு வந்தது.

அதற்குத் தமிழில் 'சொடுக்கு' என்றனர். விரல் சொடுக்கும் ஓசையை நினைவூட்டும் சொல் அது. ஆங்கிலேயர் தம் காதை நம்பியது போலவே நாமும் நம் காதை நம்பினோம். சேவல் ஒன்றுதான், நமக்கு அது 'கொக்கரக்கோ', ஆங்கிலேயருக்குக் 'காக்-அ-டூடுல்-டூ'. ஓசை பொது, கேட்கும் செவியோ மொழிக்கு மொழி வேறு.

இவை தாழ்ந்த சொற்கள் என்றால், தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இரட்டைக்கிளவிக்கு இடம் தந்திருப்பாரா? பரோவுடன் சேர்ந்து திராவிட வேர்ச்சொல் அகராதி தொகுத்த எமனோ, 1969-இல் இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அயலார் ஆராய்ந்து வியக்கும் செல்வத்தை நாம் வெட்கத்தோடு மறைக்கிறோம்!

வரிக்கு வரி 'கலகல', 'சலசல' என்று நிரப்பச் சொல்லவில்லை. உரிய இடத்தில் உரிய ஓசையை எழுதத் தயங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கைத்தறி ஓய்ந்த வீடுகள் நம் ஊரில் பெருகி வருகின்றன. நாடா ஓடுவதற்கும், இழை அறுவதற்கும், பாவு தளர்வதற்கும் நெசவாளர் வீடுகளில் வழங்கும் ஓசைச் சொற்கள் எத்தனை அகராதியில் ஏறியிருக்கும்? தறி நின்றால் அவையும் நின்றுவிடும்.

மாணவ நண்பர்களே, இன்று மாலையே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அவற்றை எழுதி வையுங்கள். பேராசிரியப் பெருமக்களே, அவை எங்கள் கட்டுரையில் வந்தால் சிவப்பு மையைச் சற்றே பொறுத்தருளுங்கள்.