மெயின் ஸ்விட்சும் சம்பும்

கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் வெள்ளத்துக்கு என்ன பயம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். நகரின் பொம்மனஹள்ளி வட்டாரம் அந்த நினைப்பைப் பலமுறை பொய்யாக்கியிருக்கிறது. மடிவாளா, ஹுளிமாவு, பேகூர், அகரா என ஏரிகள் நிறைந்த பகுதி இது. ஓர் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போக வேண்டும்; கால்வாய் குறுகிப்போன இடத்தில் வீட்டுக்குள் வருகிறது. 2019 நவம்பர் 24 அன்று ஹுளிமாவு ஏரிக்கரை உடைந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கரை உடையப்போவதை எந்த வானிலை அறிக்கையும் சொல்லாது.

அவசரகால ஆயத்தம் என்றால் மூன்று நாள் உணவு, டார்ச், ஆவணப் பை என்றே பழக்கமாகச் சொல்கிறோம். புயல் வருவதை முன்கூட்டியே அறியும் கடலூருக்கு அது பொருந்தும். இங்கே வெள்ளம் சட்டென்று ஏறுகிறது; பெரும்பாலான தெருக்களில் ஓரிரு நாளில் வடிந்தும் விடுகிறது. அதற்குள் பசியால் யாரும் சாவதில்லை. மின்சாரம்தான் கொல்கிறது. 2025 மே 19 அன்று பி.டி.எம். லேஅவுட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் அடித்தளத்தில் தேங்கிய மழைநீரை மோட்டார் வைத்து இறைத்தபோது, 63 வயதுப் பெரியவரும் 12 வயதுச் சிறுவனும் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். ஆகவே முதல் ஆயத்தம் மெயின் ஸ்விட்ச். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்க வேண்டும். ஸ்விட்சுக்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றால் அதில் கால் வைக்காமல் மின்வாரியமான பெஸ்காமின் 1912-ஐ அழைக்க வேண்டும். அடித்தளத்தில் நிற்கும் வண்டியை எடுக்க யாரும் இறங்கக் கூடாது.

அடுத்தது சம்ப் என்னும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. சாக்கடை கலந்த வெள்ளம் அதில் இறங்கியது தெரியாமல் வழக்கம்போல் மோட்டாரைப் போட்டால் மாடித் தொட்டியும் கெட்டுவிடும். வெளியிலிருந்து நல்ல தண்ணீர் வரும் என்றும் நம்பியிருக்க முடியாது. 2022 செப்டம்பரில் மண்டியா மாவட்டத்தில் உள்ள டி.கே. ஹள்ளி நீரேற்று நிலையமே வெள்ளத்தில் மூழ்கி, நகரின் பல பகுதிகளுக்குக் காவிரி நீர் நின்றுபோனது. அதனால் சம்ப் மூடி தரைமட்டத்துக்கு மேலே உயர்ந்து இறுக மூடியிருப்பதும், குடிக்க இரண்டு கேன் தண்ணீர் எப்போதும் கையிருப்பில் இருப்பதும் முக்கியம். வெள்ளம் புகுந்த சம்பை முழுதாக இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

கால்வாயைத் தூர்வாரி ஆக்கிரமிப்பை அகற்றுவது அரசின் வேலை, அந்தச் சுமையை ஏன் குடும்பத்தின் தலையில் கட்டுகிறீர்கள் என்று கேட்கலாம். அரசின் வேலைதான், அதை விடாமல் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆர்.சி.சி.பி. போட்டவர் அப்படிக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தவர் ஆகிவிட மாட்டார். இதைவிட வலுவான மறுப்பு வாடகைக்காரர்களுடையது. ஓசூர் சாலை ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்து ஒற்றை அறையில் குடியிருப்பவர்களுக்கு மீட்டர் பலகையும் சம்பும் எட்டாதவை; சாவி வீட்டுக்காரரிடம். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். அதனாலேயே இந்த ஆயத்தத்தைத் தனித்தனி வீட்டின் பொறுப்பாக இல்லாமல் கட்டடம் முழுவதற்குமானதாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஒரே கட்டடத்தின் குடித்தனக்காரர்கள் சேர்ந்து கேட்டால் வீட்டுக்காரரால் எளிதில் தட்ட முடியாது. புதிதாகக் குடிவருபவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே மீட்டர் பலகை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சம்ப் மூடி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பெங்களூருவில் பல மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வீட்டுக்காரருக்கு, ஓர் ஆர்.சி.சி.பி.யின் விலை அதில் ஒரு சிறு துளிதான்.