முயல் புழுக்கையைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள், மட்க வையுங்கள்

எங்கள் வீட்டில் ஒரு முயல் வளர்கிறது. மகள் அடம்பிடித்து வாங்கியது. உணவு வைப்பதும் கொஞ்சுவதும் அவள் வேலை. தட்டைச் சுத்தம் செய்வது என் வேலை.

வளர்ந்த முயல் ஒன்று நாளொன்றுக்கு 200 முதல் 300 புழுக்கைகள் வரை போடும். அவற்றுடன் மிச்சமான உலர்புல், சிறுநீரில் ஊறிய காகித உருண்டைகள் எல்லாம் சேர்ந்தால் வாரத்துக்கு ஒரு பெரிய பை நிறைந்துவிடும். பல மாதங்களாக அந்தப் பையைக் குப்பைக் குழாயில்தான் போட்டுவந்தேன். அது எரியாலைக்குப் போகும். எரிந்து மிஞ்சும் சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகும்.

எங்கள் புளோக்கின் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. கத்தரி, வெண்டை, மிளகாய், பாண்டான் எல்லாம் உண்டு. அதைப் பராமரிக்கும் பெரியவர் ஒருவர் கடையில் வாங்கிய கோழி எரு மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்து வருவதை ஒருநாள் மின்தூக்கி அருகே பார்த்தேன். என் கையில் முயல் தட்டிலிருந்து எடுத்த பை. மாடியில் இருக்கும் எருவை எரிக்க அனுப்புகிறோம். தரையில் இருக்கும் தோட்டத்துக்கு எருவை விலைகொடுத்து வாங்குகிறோம். இது சரியில்லை என்று அன்றுதான் தோன்றியது.

வீட்டு முயலின் கழிவு சமூகத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால், அப்படியே போகக்கூடாது. மட்கிய பிறகுதான் போகவேண்டும். இந்த இரண்டாவது பகுதியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முயல் எருவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறார்கள்: அது ‘சூடில்லாத எரு’, மட்க வைக்கத் தேவையில்லை, நேராகச் செடிக்குப் போடலாம். அதை நம்பி, தட்டின் அடியிலிருந்து இரண்டு கை அள்ளி, நடைபாதையில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டேன். ஒரே வாரத்தில் இலை நுனிகள் கருகின. செடி பிழைத்தது, ஆனால் மீண்டும் துளிர்க்க நெடுநாள் ஆனது.

தவறு எங்கே? முயலின் குடல் விந்தையானது. அது உணவை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. சத்து மிகுந்த மென்மையான கழிவை முயல் தானே மீண்டும் தின்றுவிடும். நார் மிகுந்த, உலர்ந்த உருண்டைதான் நாம் காணும் புழுக்கை. அதிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் கரிமப் பொருளோடு பிணைந்திருப்பதால் மெல்ல மெல்லத்தான் வெளியாகும். கோழி எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலமோ விரைவில் அம்மோனியாவாக மாறி வேரைச் சுடும். ஆகவே, ‘சூடில்லாத எரு’ என்பது பொய்யில்லை. ஆனால், அது வெறும் புழுக்கைக்கு மட்டுமே பொருந்தும்.

கம்பி வலைத் தரையுள்ள கூண்டில் சிறுநீர் கீழே வடிந்துவிடும். புழுக்கையைத் தனியே அள்ளலாம். அடுக்குமாடி வீட்டுத் தட்டில் அப்படியில்லை. புழுக்கையும் சிறுநீரும் ஒன்றாகக் கிடக்கின்றன. முயலின் சிறுநீரில் யூரியா இருக்கிறது. அது அம்மோனியாவாக மாறும். தேவைக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்தையும் முயல் சிறுநீர் வழியேதான் வெளியேற்றுகிறது. தட்டில் படியும் வெள்ளைக் கறை அதுதான். போதாக்குறைக்கு, மரத்தூள் அல்லது காகித உருண்டைகளில் கரிமம் மிக அதிகம். மட்காத நிலையில் அவற்றை மண்ணில் கலந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். செடி மஞ்சளிக்கும்.

அப்படியானால் சிறுநீரை ஒதுக்கிவிடலாமா? வேண்டாம். தமிழ்நாட்டில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடும் உழவர்கள், புழுக்கையோடு சிறுநீரும் மண்ணில் இறங்கட்டும் என்றுதான் இரவு முழுவதும் ஆடுகளை அங்கே அடைக்கிறார்கள். ஆனால், அங்கே அது பரந்த நிலத்தில் பரவுகிறது, பிறகு உழப்படுகிறது. நம்முடையதோ ஒரு சிறு தொட்டி. அதனால்தான் மட்க வைப்பது கட்டாயமாகிறது. மட்கும்போது சிறுநீரின் நைட்ரஜனும் உருண்டைகளின் கரிமமும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். முயல் தட்டே பாதி தயாரான மட்குரக் கலவைதான்.

செய்முறை எளிது. பக்கங்களில் துளையிட்ட, மூடியுள்ள தொட்டி ஒன்று போதும். கலவை, பிழிந்த பஞ்சுபோல ஈரமாக இருக்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது. வாரம் ஒருமுறை கிளறவேண்டும். நம் வெப்பநிலையில் ஏறக்குறைய மூன்று மாதங்களில் கறுப்பாக, மண்வாசனையோடு மட்கிவிடும். அம்மோனியா நெடி வந்தால் காய்ந்த இலைகளைச் சேர்க்கவேண்டும்.

சமூகத் தோட்டங்கள் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை அலட்சியம் செய்யக்கூடாது.

முதலாவது, கிருமிகள். பெரிய குவியல் உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறி, அந்தச் சூடு நாள்கணக்கில் நீடித்தால் பல கிருமிகள் அழியும். சிறிய தொட்டி அவ்வளவு சூடாகாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளின்படி, மட்காத விலங்கு எருவை இட்டால், மண்ணைத் தொட்டு விளையும் காய்கறிகளை 120 நாள்களுக்குப் பிறகே பறிக்கலாம். மண்ணைத் தொடாதவற்றுக்கு 90 நாள்கள். சூடாகாத சிறு தொட்டியின் உரத்துக்கும் இந்தக் கணக்கையே பின்பற்றுவது பாதுகாப்பு. பச்சையாக உண்ணும் கீரைகளுக்கு அதைத் தவிர்த்துவிடலாம். நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது. மருந்து உண்ணும் முயலின் கழிவைச் சேர்க்கக்கூடாது. நாய், பூனைக் கழிவையும் சேர்க்கக்கூடாது.

இரண்டாவது, கொசு. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரே வாரத்தில் அது முழுக் கொசுவாகிவிடும். எனவே, அடித்தட்டை நாள்தோறும் காலி செய்யவேண்டும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் அறிந்திருப்பதில்லை. திமோத்தி புல் குளிர்நாட்டுப் பயிர். நாம் வாங்குவது இறக்குமதியாகி வருவது. சில நாடுகளில் புல்வெளிகளுக்கு அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகளைத் தெளிக்கிறார்கள். இவை விலங்கின் வயிற்றைக் கடந்தும் சிதையாமல் எருவில் தங்கக்கூடியவை. 2008ஆம் ஆண்டில் பிரிட்டனில் இப்படிப்பட்ட எருவால் வீட்டுத் தோட்டங்களில் தக்காளி, அவரை, உருளைக்கிழங்குச் செடிகள் முறுக்கிக்கொண்டன. அமினோபைரலிட் விற்பனையையே அப்போது நிறுத்திவைத்தார்கள். இதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூன்று சிறு தொட்டிகளில் மட்குரம் கலந்த மண், வேறு மூன்றில் வெறும் மண். ஆறிலும் பயற்றங்காய் விதை ஊன்றுங்கள். மூன்று வாரங்களில், உரமிட்டவற்றில் மட்டும் இலை சுருண்டால் அந்த உரம் தோட்டத்துக்கு ஆகாது.

இத்தனை கவனம் தேவைப்படும் ஒன்றுக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். முயல் புழுக்கை செமாக்காவைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 1999ல் செயல்படத் தொடங்கிய அந்த நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்படுகிறது. நம் வீட்டு முயல்களால் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை. ஆனால், எரியாலையில் ஈரக்கழிவு போட்டால், அதன் நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிறது; அதிலுள்ள நைட்ரஜனும் மண்ணுக்குத் திரும்புவதில்லை. சிங்கப்பூரில் 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. தேவைப்படும் இடத்திலிருந்து சில மாடிகள் மேலேதான் எரு இருக்கிறது.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். விருப்பமுள்ள தோட்டம் ஒவ்வொன்றிலும் முயல் கழிவுக்கென்று மூடிய தொட்டிகள் இரண்டு இருக்கட்டும். ஒன்று நிறையும்போது மற்றொன்று மட்கும். நிறைந்த நாளைத் தொட்டியின் மேல் எழுதி ஒட்டவேண்டும். கிளறும் பொறுப்பு முயல் வளர்ப்பவர்களுடையது. கழிவை மட்டும் கொடுத்துவிட்டு வேலையைத் தோட்டக்காரர்கள் தலையில் கட்டக்கூடாது.

நான் முதன்முதலில் பையோடு போனபோது, அந்தப் பெரியவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது இப்படியே வேண்டாம். மக்க வச்சுக் கொண்டு வாங்க” என்றார். எனக்குச் சற்று வருத்தம்தான். ஆனால், அவர் சொன்னது சரி. வீட்டிலேயே தொட்டி வைத்து, விதை ஊன்றிச் சோதித்து, நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் போனேன். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். “அடுத்தது எப்போ வரும்?” என்று கேட்டார். இப்போது அவருடைய கத்தரிச் செடிகள் இரண்டு வரிசை அந்த உரத்தில் நிற்கின்றன.

உங்கள் வீட்டிலும் முயல் இருந்தால், இந்த வாரப் பையைக் குழாயில் போடும் முன் கீழே இறங்கி, தோட்டத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.