அளவு போட்டு அச்சடியுங்கள்

தமிழ்ப் பத்திரிகைகள் மீது எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. மிச்சிகனில் என் வீட்டு கராஜில் ஒரு குட்டி டிரெய்லரைக் கட்டி முடித்த பிறகு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எங்களுக்கு வரைபடம் போடுவதில்லை. அளவோடு, வெட்டும் வரிசையோடு, வாங்க வேண்டிய ஆணியின் நீளத்தோடு, ஒரு பொருளை இப்படிச் செய் என்று சொல்லும் வரைபடத்தைத்தான் சொல்கிறேன்.

நான் கட்டியதை டியர்டிராப் டிரெய்லர் என்பார்கள். நான்கடி உயரம், எட்டடி நீளம், முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து இறங்கும் ஒரு பெட்டி. இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். எழுந்து நிற்க இடமில்லை. சமையலறை பின்னால். அங்கிருக்கும் மூடியைத் தூக்கினால் அடுப்பு வைக்க மேடையும் பாத்திரத்துக்கு அலமாரியும் இருக்கும். சமைக்கிறவர் நிற்பது வெட்டவெளியில். சின்ன காரே இழுத்துவிடும்.

நான்கடியும் எட்டடியும் எங்கிருந்து வந்தன? பிளைவுட் ஆலையிலிருந்து. கடையில் கிடைக்கும் முழு ஷீட் நான்குக்கு எட்டு. ஒரு ஷீட்டில் ஒரு பக்கச் சுவர், இன்னொன்றில் மறுபக்கம். வெட்டி மிஞ்சும் துண்டுகள் உள்ளே அலமாரிக்கு ஆகும். இந்த டிரெய்லரை முதலில் யோசித்தவர்கள் கடையில் எது கிடைக்கும், வீட்டில் எது செய்ய முடியும் என்பதிலிருந்துதான் தொடங்கினார்கள். ஆசைக்கு அளவெடுத்திருந்தால் கராஜுக்குள் அடங்காது.

1930களில், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், அமெரிக்காவில் இது பிறந்தது. கலிபோர்னியாவின் பசடீனாவில் இருந்த லூயிஸ் ராஜர்ஸ் என்பவரை ஆரம்பகால வடிவமைப்பாளர்களில் ஒருவராகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் வீடு திரும்பியபோது சந்தையில் உபரி அலுமினியத் தகடும் கழித்துக் கட்டிய ஜீப்பின் சக்கரங்களும் கிடைத்தன. 1947இல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேட்டட்’ இதழ் இதைக் கட்டும் வரைபடத்தை வெளியிட்டது. தச்சராகவோ கொல்லராகவோ இல்லாத ஆட்கள் அந்தப் பக்கங்களைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு வண்டி கட்டினார்கள்.

பிறகு 1956இல் தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்கான சட்டம் வந்தது. சாலை அகன்றது, காரும் பெருத்தது, கழிவறையும் குளியலறையும் வைத்த பெரிய டிரெய்லர்கள் ஓடத் தொடங்கின. 1960களில் டியர்டிராப் வழக்கொழிந்துபோனது. ஆனால் பழைய இதழ்கள் பரண்களில் கிடந்தன. ஒரு தலைமுறை கழித்து யாரோ எடுத்துத் தூசி தட்டினார்கள். மறுபடியும் கராஜ்களில் ரம்பம் ஓடியது. செய்து விற்ற கம்பெனிகள் போன பிறகும் செய்முறை மட்டும் பிழைத்துக் கிடந்ததற்கு அச்சைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்து இதழ்கள் வளைவை எப்படி விளக்கின என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நேர்க்கோட்டுக்கு நீளம் சொன்னால் போதும். வளைவுக்கு என்ன சொல்வது? படத்தின் மேல் கட்டம் போட்டிருப்பார்கள். ஒரு கட்டம் இத்தனை அங்குலம் என்று குறிப்பு இருக்கும். நாம் பிளைவுட்டில் பென்சிலால் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களைப் போட்டுக்கொள்ள வேண்டும். வளைவு எந்தெந்தக் கட்டத்தை எங்கெங்கே வெட்டுகிறது என்று பார்த்து அங்கெல்லாம் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளில் சிறு ஆணி அடித்து, வளையக்கூடிய மெல்லிய ரீப்பரை அவற்றின் மேல் சாய்த்து வைத்துக் கோடு இழுத்தால் வளைவு தானாக வந்து உட்காரும். கணிதம் தெரிய வேண்டாம், கையும் நடுங்கலாம்.

இதைச் செய்துகொண்டிருந்தபோது எனக்கு எங்கள் வீட்டுக்கு வந்த தமிழ் வார இதழ்களின் மார்கழிப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன. 13 புள்ளி, 7 முடிய, ஊடுபுள்ளி. அவ்வளவுதான் குறிப்பு. அதை வைத்துக்கொண்டு கரூரில் எங்கள் தெருவே கோலம் போட்டது. ஆக, எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டால் வாசகர் வீட்டில் செய்துகொள்வார் என்பது தமிழ் அச்சுக்குத் தெரியாத கலையல்ல. கோலத்துக்குச் செய்தீர்கள், சமையலுக்குச் செய்தீர்கள், ரவிக்கை வெட்டுக்குக்கூடச் செய்தீர்கள். மரத்துக்கும் தகரத்துக்கும் இரும்புக்கும் வந்தபோது மட்டும் ஏன் நின்றுபோனது?

என் அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. வெறும் சேஸ் வந்து நிற்கும்; அதன் மேல் சட்டம் எழுப்பி, தகடு போர்த்தி, ரிவிட் அடித்து, பஸ்ஸாக அனுப்புவார்கள். பின்பக்க மேல்மூலைகளில் தகடு இரண்டு திசையிலும் வளைய வேண்டும். அதுதான் கடினமான இடம். அப்பா மரச்சுத்தியலால் தட்டித் தட்டி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மறுபடி தட்டுவார். அளவு என்றால் சாக்பீஸால் தரையில் போட்ட கோடு. சாயங்காலம் பெருக்கும்போது அதுவும் போய்விடும். ஒரு நோட்டில் எழுதிவைக்கலாமே என்று கல்லூரிக் காலத்தில் கேட்டேன். “பாத்துப் பாத்து எழுத இதென்ன பரீட்சையா கண்ணு? கையில வரோணும்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என் டிரெய்லர் கூரைக்கு மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டை வளைத்தபோது, எந்த இடத்துக்கு மேல் அழுத்தினால் முறியும் என்பதை எந்தத் தாளும் எனக்குச் சொல்லவில்லை. அது விரலுக்குத்தான் தெரியும். ஆனால் கையில் வர வேண்டுமென்றால் முதலில் பட்டறைக்குள் நுழைய வேண்டும். யார் நுழைய முடியும்? மேஸ்திரியின் மகன், மச்சான் மகன், ஊர்க்காரப் பையன். அப்பா வேலை செய்த பட்டறையில் நான் ஒரு பெண்ணைக்கூடக் கருவியோடு பார்த்ததில்லை. தச்சும் கொல்லும் குலத்தொழிலாக இருந்த ஊரில் பக்கத்துத் தெருப் பையன் எப்படி உளி பிடிப்பான்? அச்சிட்ட வரைபடம் யாருடைய மகன் என்று கேட்பதில்லை. என் டிரெய்லரின் பக்கச் சுவர்களுக்குக் கட்டம் போட்டதும் ஆணி அடித்ததும் என் மகள்தான். அப்பா இருந்திருந்தால் வளைவை உள்ளங்கையால் தடவிப் பார்த்திருப்பார்.

யூடியூப் இருக்கும்போது பத்திரிகை எதற்கு என்பார்கள். தமிழிலேயே நல்ல வேலைக்காரர்கள் வீடியோ போடுகிறார்கள், பார்க்கிறேன், ரசிக்கிறேன். ஆனால் வீடியோவில் ரம்பம் ஓடுவது தெரிகிறது. எத்தனை அங்குலத்தில் ஓடுகிறது என்பது இசைக்குள் மூழ்கிவிடுகிறது. பசை அப்பிய கையோடு போனை நிறுத்தி, பின்னோக்கி இழுத்து, மறுபடி பார்ப்பது ஒரு வேலையா? தாளைச் சுவரில் குத்திவைத்தால் நிமிர்ந்தால் தெரியும்.

நல்ல வரைபடத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆபத்தை அளவாகச் சொல்லும். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு காரின் கொக்கியில் இறங்க வேண்டும். 450 கிலோ வண்டி என்றால் 45 கிலோவாவது. குறைந்தால் வேகம் கூடும்போது வண்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கி, காரையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடும். டியர்டிராப்பில் அடுப்பு, பாத்திரம், தண்ணீர் எல்லாமே பின்னால் என்பதால்தான் சக்கர அச்சை நடுவில் வைக்காமல் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். அடுப்பை வெளியே வைத்ததும் வசதிக்காக மட்டுமல்ல. மூடிய பெட்டிக்குள் எரிவாயு எரித்தால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும். இங்கே பல மாநிலங்களில் சொந்தமாகக் கட்டிய டிரெய்லரை எடை போட்டு, ரசீதுகளைப் பார்த்து, சில இடங்களில் ஆய்வும் செய்து எண் தகடு தருகிறார்கள்.

டியர்டிராப்பைத் தமிழில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நம் ஊர் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வீட்டில் கட்டிய வண்டியைச் சாலையில் ஏற்றுவது எளிதல்ல. ஏற்றினாலும், கொக்கி வைத்த கார் எத்தனை பேரிடம் இருக்கிறது? உங்கள் வாசகர்களுக்கு வேண்டியது வேறு. மழையில் நனையாத இட்லிக்கடைத் தள்ளுவண்டி. ஒரே பிளைவுட் ஷீட்டில் அடங்கும் புத்தக அலமாரி. நாய் நுழையாத கோழிக்கூண்டு. இவற்றையெல்லாம் தினமும் செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு நிருபரையும் படம் வரையத் தெரிந்த ஒருவரையும் அவர்களிடம் அனுப்பி, அளவெடுத்து, செய்தவரின் பெயரோடு போட வேண்டும். சினிமாப் பக்கத்தில் கால்வாசி போதும்.

முதல் வாரத்துக்கு என் யோசனை, வாசல்படிக்குச் சாய்தளம். சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவர்கள் எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள். நம் ஊரில் போடும் சாய்தளங்களில் பல, பைக் ஏற்றத்தான் லாயக்கு. ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது கணக்கு. ஆறங்குலப் படி இரண்டு இருந்தால் 12 அடி. வாசலில் அத்தனை இடம் இல்லாத வீட்டில் நடுவில் ஒரு சமதளம் விட்டு மடக்கித் திருப்ப வேண்டும்; அந்த மடிப்பைத்தான் வரைந்து காட்ட வேண்டும். ஓரத்தில் சக்கரம் நழுவாமல் தடுக்கும் விளிம்பும், கைப்பிடியும், வழுக்காத மேற்பரப்பும் வேண்டும். செங்கல் எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை என்பதை உள்ளூர்க் கொத்தனாரிடம் கேட்டு அடியில் போடுங்கள்.