நாற்பதுக்கு மேல் நீச்சல் போட்டியா? ஏன் கூடாது!

மேருவிலிருந்து ஒரு தோழர் எழுதிக் கேட்டிருக்கிறார். வயது 46. செம்பனையில் குலை அறுக்கும் வேலை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் மாவட்ட நீச்சல் போட்டி வரைக்கும் போனவராம். படிப்பு நின்றது, அதோடு நீச்சலும் நின்றது. முப்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது மகனை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகிறபோது, கரையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லையாம். “மறுபடியும் பழகிப் போட்டியில இறங்கலாமாண்ணே? வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க” என்கிறார்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தாராளமாக இறங்கலாம், தம்பி. ஆனால் இறங்குகிற முறை ஒன்று உண்டு. அதை உங்களுக்கு மட்டுமல்ல, இந்தப் பகுதியைப் படிக்கும் எல்லாத் தோழர்களுக்கும், முக்கியமாக நம் பெண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை உடைக்க வேண்டும். போட்டி என்றால் இளவட்டங்களுக்குத்தான் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே ‘மாஸ்டர்ஸ்’ நீச்சல் இருக்கிறது. அதன் முதல் உலகப் போட்டி 1986இல் தோக்கியோவில் நடந்தது. ஐந்தைந்து வயதாகப் பிரித்து விடுவார்கள். 46 வயதுக்காரர் 45லிருந்து 49 வரை உள்ளவர்களோடுதான் மோதுவார். இருபது வயசுப் பையனோடு அல்ல. நால்வர் நீந்தும் அஞ்சல் போட்டியில் நாலு பேருடைய வயதையும் கூட்டிப் பிரிவு வகுக்கிறார்கள். அங்கே நரைத்த தலையும் கணக்கில் சேரும்! 2018இல் பினாங்கிலேயே ஆசிய பசிபிக் மாஸ்டர்ஸ் விளையாட்டுகள் நடந்திருக்கின்றன.

ஜப்பானைச் சேர்ந்த மியெகோ நாகவோகா என்ற அம்மையார், முழங்கால் வலிக்காக எண்பது வயதைத் தொட்ட பிறகுதான் நீச்சலுக்கே போனார். 2015இல், தம் 100ஆவது வயதில், 1500 மீட்டரை நீந்தி முடித்தார். நம் வீட்டுப் பாட்டிமார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐந்தடியிலே உட்கார்ந்திருப்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

இனி, இரண்டு பேரைச் சொல்கிறேன். இருவருக்கும் ஒரே வயது: 41.

ஒருவர் அமெரிக்காவின் டாரா டோரஸ். 1992 ஒலிம்பிக்கோடு நீச்சலை விட்டவர், ஏழு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து 2000இல் ஐந்து பதக்கம் வாங்கினார். மறுபடியும் விட்டார். 2006இல் பிள்ளை பெற்றார். 2008இல் பெய்ஜிங்கில், 41 வயதில், மூன்று வெள்ளிப் பதக்கம். 50 மீட்டரில் தங்கம் கைநழுவியது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கால்!

இன்னொருவர் நம்மவர். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன். பாக்கு நீரிணையை 1971இல் போகவும் வரவும் ஒரே மூச்சாக நீந்திக் கடந்த வீரர். 1984 ஆகஸ்டு 6ஆம் தேதி, ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். அவரிடம் துணிச்சலுக்குக் குறைவா? அனுபவத்துக்குக் குறைவா? இல்லை. தண்ணீர் யார் எவர் என்று பார்ப்பதில்லை. அந்த மாவீரனையே கொண்டுபோன தண்ணீர், நம்மை மட்டும் விட்டு வைக்குமா? இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

“தினமும் உழைக்கிற உடம்புதானே, இதுக்குப் பரிசோதனை எதுக்கு?” என்பார்கள். இங்கேதான் ஏமாந்து போகிறோம். உழைப்பு வேறு, உடல்நலம் வேறு. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது சுமார் 31 விழுக்காடு. அதாவது நம்மில் மூன்று பேரைப் பிடித்தால் கிட்டத்தட்ட ஒருவருக்கு. தனக்கு இருப்பதே தெரியாதவர்களும் இதில் அடக்கம். ஆகவே குளத்தில் கால் வைக்கும் முன், அரசாங்கக் கிளினிக்கில் கால் வையுங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். போட்டிக்குப் பழகப் போவதாக டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது தோள். நீந்தும் வித்தையை உடம்பு மறப்பதில்லை. மறப்பது தாக்குப்பிடிக்கும் சக்தியைத்தான். இரண்டு வாரத்தில் மூச்சு கொஞ்சம் சீராகும், உற்சாகம் வரும். ஆனால் தோளில் இருக்கும் தசைநாண் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அதிலும் நாள் முழுக்க நீண்ட அரிவாள் கம்பைத் தூக்கிக் குலை அறுத்த தோள், ஏற்கெனவே களைத்த தோள். அதனால் வாரம் மூன்று நாள் போதும். 25 மீட்டர் நீந்துங்கள், மூச்சு சமப்படும் வரை நில்லுங்கள், மறுபடியும் நீந்துங்கள். மொத்தத்தில் அரை மணி நேரம். முதல் இரண்டு மாதம் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பழைய நேரத்தை முதல் நாளே எட்டிப் பிடிக்க நினைத்தவர்கள் மூன்றாம் வாரம் தைலம் தேய்த்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நீந்தக் கூடாது. கரையில் இனிப்பு இருக்கட்டும், பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் அடக்கிப் பந்தயம் வைக்காதீர்கள். மூச்சு முட்டும் உணர்வே வராமல் மயங்கிப் போவீர்கள். தண்ணி போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். நெஞ்சு இறுகினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், தலை சுற்றினால், உடனே கரையேறுங்கள். அது விலகாவிட்டால் 999ஐ அழையுங்கள்.

ஈயக்குட்டை வேண்டாம். கரையோரத்திலேயே திடீரென்று ஆள் ஆழம் வந்துவிடும். ஆறும் வேண்டாம். 2010இல் பகாங் லூபுக் யூவில், மூழ்கிப் போனவரைத் தேட இறங்கியவர்களே எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கும் மண்ணிலிருந்து தொற்றும் நோய்க்கும் ஆளாகி, அவர்களில் சிலர் உயிரையே இழந்தார்கள். நாம் சின்ன வயசில் ஆற்றில் குதித்தோம் என்பது உண்மைதான். அன்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

அப்படியானால் எங்கே நீந்துவது? மெய்க்காப்பாளர் இருக்கிற குளத்தில்தான். இங்கேதான் என் வழக்கே இருக்கிறது. மேருவைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. புதிய குடியிருப்புகளில் நீச்சல் குளங்கள் பளபளக்கின்றன. அந்த மண்ணில் பாடுபட்டவன் பிள்ளைக்கு வேலிக்கு வெளியேதான் இடம். தமிழ்நாட்டுக் குற்றாலீஸ்வரன் 1994இல், பிள்ளைப் பிராயத்திலேயே, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து உலகப் புகழ் பெற்றவர். அவர்கூடப் பண உதவி போதாமல் போட்டி நீச்சலை விட்டுப் பொறியியல் படிக்கப் போனார். அவருக்கே அந்தக் கதி என்றால், லயத்துப் பையன் எம்மாத்திரம்? அவன் சோம்பேறித்தனத்தால் விடவில்லை, வசதியில்லாமல் விட்டான்.

ஆகவே நம் கிளைகள் இதைக் கையில் எடுக்க வேண்டும். நகராண்மைக் குளத்தில் வாரம் இரண்டு மணி நேரம் நமக்கு ஒதுக்கக் கேட்போம். அதில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று கேட்போம். நமது விளையாட்டு விழாவில் கயிறு இழுப்போடு, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 25 மீட்டர் நீச்சலும் சேரட்டும். கோப்பை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

மேருத் தோழரே, நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் சரி என்றால், அடுத்த வாரமே குளத்தில் இறங்குங்கள். மகனையும் பக்கத்துத் தடத்தில் விடுங்கள். அப்பன் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்து அவனும் சிரிப்பான். ஆறு மாசம் கழித்து, உங்களோடு சேர்ந்து நீந்த அவனே கூப்பிடுவான்.